வெட்டி எடுத்த சத்தம்

குணவதியின் தலையில் எண்ணெய் இருந்ததால் முதல் நாள் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. மின்முனைகளைத் தோலோடு ஒட்டும் பசை எண்ணெய்மீது நிற்காது. அது வழுக்கினால் மூளையின் அலைக்குப் பதிலாகக் காகிதத்தில் வெறும் கிறுக்கல்தான் விழும். ஆசியா பீவி நான்கு முறை ஒட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா தங்கச்சி, அரைப் போத்தல் கொட்டியிருக்கியா? உந்தலையில மீன் பொரிக்கலாம் போலருக்கே."

"எண்ண வெக்காட்டி தல கொதிக்குதுக்கா."

"அத்தன மாத்திர போட்டா கொதிக்கத்தான் செய்யும். அடுத்த தடவ ஷாம்பு போட்டு ரெண்டு வாட்டி அலசிட்டு வா. ஒரு சொட்டு எண்ண வேணாம்லா."

குணவதி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்த ஒரே நாள் அது.

1986-ஆம் ஆண்டு. எங்கள் ஆய்வு மையம் மெக்கலிஸ்டர் சாலையில் ஒரு பழைய பங்களாவின் மேல்மாடியில் இருந்தது. நான் உளவியலாளர், வயது முப்பத்தெட்டு. மூளையின் அலைகளைக் காகிதத்தில் எழுதும் கருவியை இயக்குபவர் ஆசியா பீவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டாக்டர் என்பார்.

மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் மூன்றும் தனித்தனி நோய்கள் அல்ல, மூளையின் ஒரே கோளாறுதான் மூன்று முகம் காட்டுகிறது என்பது என் கருத்து. புண்படுத்தும் ஒரு சொல் காதில் விழுந்தால் எந்த மூளையும் ஒரு கணம் துள்ளும். பிறகு அடங்கிவிடும். அடங்கத் தெரியாத மூளைகளும் உண்டு. அவற்றோடு வாழ்பவர்கள் சுருண்டு படுக்கிறார்கள், அல்லது காரணமில்லாமல் பதறுகிறார்கள், அல்லது எதையாவது விழுங்கி அதை அடக்கப் பார்க்கிறார்கள். இதை நிரூபிக்க எனக்கு நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். முப்பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள்.

அந்நியர் ஏசினால் மூளை அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. ஆகவே நெருங்கிய உறவினர் ஒருவரிடம் போவோம். "உங்கள் மகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லி ஒலிப்பதிவுப் பெட்டியை ஓடவிடுவோம். பேச்சில் வரும் குறைகளை மட்டும் வாக்கியம் வாக்கியமாக வெட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் முப்பது தடவை அந்த மகளின் காதில் ஒலிக்க வைப்போம். ஒரு தடவையில் தெரியாத அலை முப்பதின் சராசரியில் தெளிவாகத் தெரியும். வாரம் ஒன்றாக மூன்று அமர்வுகள். எல்லாரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள்தாம்.

கருவியைச் சோதிப்பதற்காக முதலில் என் தலையிலேயே மின்முனைகளை ஒட்டிக்கொண்டேன். என் அம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் நேராக உட்கார்ந்து என்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். எந்தப் பள்ளி, எந்தப் பரீட்சையில் எத்தனை புள்ளி, எந்த ஆண்டில் முனைவர் பட்டம். "ஞானாம்பிகையிலை ஒரு குறையும் சொல்லேலாது. தன்ரை அலுவலைத் தானே பாக்கிற பிள்ளை" என்று முடித்தார். அதை முப்பது தடவை கேட்டேன். என் கோடு அசையவில்லை. கருவி பழுதோ என்று ஆசியா பீவி கம்பிகளைக் கழற்றி மாட்டினார். பழுதில்லை.

குணவதிக்கு இருபத்தாறு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் உருப்பெருக்கிக்குள் குனிந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் ஒட்டிக்கொண்டிருந்தவள். இரவு முறை முடிந்து பகலில் தூங்குவதற்காக ஒரு கிளினிக்கில் கொடுத்த மாத்திரை, ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறாகி, இப்போது நாளுக்குப் பன்னிரண்டு. சென்ற ஆண்டு ஆட்குறைப்பில் வேலை போயிற்று. மாத்திரை போகவில்லை.

அப்படிப்பட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். யாராவது கூட இருந்து எண்ணிக் கொடுக்க வேண்டும். நான்கு பெண்கள் சேர்ந்திருக்கும் வாடகை அறையில் அது நடக்காது. நிபோங் திபாலுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவளுடைய அம்மா தனியாக இருந்தார். குணவதி அங்கே போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"அம்மாகிட்ட போயிடலாமே?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டா போவேன் டாக்டர்."

"நீயே கேட்டுப் பாரேன்."

அவள் தன் விரல் நகங்களைப் பார்த்தாள். "கேட்டு, வேணாம்னு சொல்லிருச்சுன்னா? கேக்காத வரைக்கும் எனக்கு ஒரு வீடு இருக்கு."

அவள் பிழைப்பது அந்த வீட்டைப் பொறுத்தது என்று அன்றைய குறிப்பேட்டில் நானே எழுதினேன்.

மறுவாரம் ஆசியா பீவியை மையத்தில் விட்டுவிட்டு, ஒலிப்பதிவுப் பெட்டியோடு நான் மட்டும் போனேன். தீவிலிருந்து புதுப் பாலத்தைக் கடந்து, ஜுருவைத் தாண்டி, எண்ணெய் பிழியும் செம்பனைகளுக்கு நடுவே நாற்பது நிமிடம். குணவதியின் அம்மா வள்ளியம்மா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டு வாசலில் எனக்காக நின்றிருந்தார். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலையை அன்று விட்டிருந்தார். என் அப்பா விநாசித்தம்பி பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்று சொன்னதும், ஏற்கனவே துடைத்திருந்த நாற்காலியை மறுபடியும் துடைத்தார். தான் தரையில் உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை.

பெட்டியை நடுவில் வைத்தேன்.

"இத யாரெல்லாம் கேப்பாங்க?"

"நாங்க கொஞ்ச பேரு. வெளிநாட்டுக்காரங்களும் கேக்கலாம்."

அவர் முகம் இறுகிற்று. நான் விசையை அழுத்தினேன்.

"அவளா? அவ ஒரு உருப்படாத கழுத. கரிக்கட்ட நெறம். ஒரு சோறு வடிக்கத் தெரியாது. பூதக்கண்ணாடியப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்சு கெடக்கு, எவன் கட்டுவான்?" மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பெட்டிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் அழுத்தினார். நெட்டி முறிந்தது. பத்து விரலும் படபடவென்று.

மறுபடி தொடங்கினார். "புத்தி கெட்டவ. வாயி மட்டும் வண்டி நீளம். அவளப் பெத்ததுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வளத்திருக்கலாம்." மறுபடி சுற்றி, மறுபடி முறித்தார். ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை. கடைசியாகச் சொன்னது இது: "வீட்டுக்கு வந்தா எனக்குப் பாரம். வராம இருந்தாலே நிம்மதி." அப்போது முறிந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம்.

"பொட்டி நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

"தானா ஓடாதே?" தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியை மூடினார். அதற்குப் பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதீங்க டாக்டரம்மா. ஊரான் கேக்குற பொட்டியில போயி பெத்த புள்ளயப் பெருமையாப் பேசுவாங்களா? இவளுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். மாரியாயி கோயில் திருவிழாவுல எல்லாரு முன்னாடியும் தூக்கி வெச்சு, எம்புள்ளயப் பாருங்கடின்னு கொஞ்சுனேன். மூணாம் நாளு காச்சல்ல போயிட்டான். அன்னையிலேருந்து இவள ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. சொல்லாமத்தான் காப்பாத்தி வெச்சிருக்கேன்."

பிறகு என்னை உள்ளே அழைத்துப் போனார். சமையலறைக்குப் பக்கத்தில் புதுப் பலகையால் தடுத்து ஓர் அறை. கட்டில், கண்ணாடி, உள்பக்கத்தில் தாழ்ப்பாள்.

"டவுன்ல இருந்தவளாச்சே. கதவச் சாத்திக்கிட்டுப் படுக்கணும்னு இருக்கும். வரச் சொல்லுங்கம்மா. நானா கூப்பிட்டா, கலியாணம் பண்ணத்தான் கூப்புடுறேன்னு கோவிச்சுக்குவா. நீங்க சொன்னா கேப்பா. அம்மா கூப்பிட்டாள்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் எனக்கு எல்லாம் தெளிவாகவே இருந்தது. இன்றே சொன்னால் நாளையே அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். இல்லையென்றால் ஆய்வுக்கு உட்காருவாள், ஆனால் அந்த வாக்கியங்கள் அவளைத் தொடாது. எப்படியும் நாற்பதாவது ஆள் வீண். மூன்று வாரம்தானே, முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவள்தானே என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கேசட்டில் இருப்பதைப் பெரிய நாடாவுக்கு மாற்றி, அதைச் சவர பிளேடால் வெட்டி, வேண்டிய துண்டுகளை ஒட்டுவது வழக்கம். ஆசியா பீவி காதில் கேட்பானை மாட்டிக்கொண்டு நாடாவை முன்னும் பின்னும் உருட்டினார். பிளேடை எடுக்கவில்லை.

"டாக்டர், இந்த டக்கு டக்குன்னு வருதே, இது நெட்டி முறிக்கிறதுலா."

"தெரியும். அத வெட்டிடுங்க."

"வெட்டிட்டா மிச்சத்துக்கு அர்த்தமே வேறயாப் போயிடுமே. எங்க உம்மா என்னைய இப்படித்தான் ஏசும். 'மூதேவி, நீயெல்லாம் எங்க உருப்படப் போற'ம்பா, டப்புன்னு முறிப்பா. நான் இளிச்சுக்கிட்டு நிப்பேன்."

"திடீர்னு சத்தம் கேட்டா எந்த மூளையும் துள்ளும் ஆசியாக்கா. வார்த்தைக்குத் துள்ளுச்சா சத்தத்துக்குத் துள்ளுச்சான்னு பிரிக்க முடியாது."

"அப்ப இந்தம்மாவே வேணாம். வேற ஆளப் பாப்போம்."

"வேற ஆள் இல்ல."

அவர் கேட்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்குக் கை வரல. ரொம்ப சுசா, கஷ்டம்லா."

நானே பிளேடை எடுத்தேன். நான்கு இடத்திலும் வெட்டினேன். நான் அவரிடம் சொன்ன காரணம் உண்மைதான். எந்த ஆய்வாளரும் ஒப்புக்கொள்வார். ஆனால் அந்த நாடாத் துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி எழுந்தது. அதற்குப் பெயர் வைக்காமல் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். பெயர் பொறாமை. வெள்ளைச் சட்டை போட்ட எங்கள் வீட்டில் குரல் உயராது, கை உயராது, குறை சொல்லப்படாது. தோட்டத்து லயத்தில் ஒருத்தி தன் மகளுக்காகப் பத்து விரலையும் முறிக்கிறாள். எனக்கு யாரும் ஒரு விரலை முறித்ததில்லை.

முதல் அமர்வில் குணவதி ஷாம்பு வாசனையோடு வந்தாள். எண்ணெயில்லாத முடி பறந்தது. பத்தொன்பது மின்முனைகளும் முதல் முயற்சியிலேயே ஒட்டின. விளக்கைக் குறைத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தோம். அம்மாவின் குரல் தொடங்கியதும் அவள் உதட்டோரம் இலேசாக மலர்ந்தது. பழகிய ஒன்றைக் கேட்கும் முகம். முதல் பகுதி முடிந்து இடைவெளி வந்தபோது அவள் தலையைச் சற்றுச் சாய்த்தாள். எதையோ எதிர்பார்த்தாள். அடுத்த வாக்கியம் வந்தது. அதற்கடுத்த இடைவெளியிலும் சாய்த்தாள். "வராம இருந்தாலே நிம்மதி" என்பது பத்தாவது தடவை ஒலித்தபோது சாய்ப்பது நின்றது. பேனாமுனைகள் காகிதத்தின் விளிம்புவரை எகிறின. முப்பத்தொன்பது பேரில் ஒருவரிடமும் நான் அப்படி ஓர் அலையைப் பார்த்ததில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மகிழ்ச்சியால்தான்.

ஆசியா பீவி அவள் தலையிலிருந்து பசையைத் துடைத்தார். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ்ளோதானா டாக்டர்? கடைசில ஒரு சத்தம் வரலியே."

"என்ன சத்தம்?"

"எங்கம்மா ஏசுனா, ஏசி முடிச்சதும் நெட்டி முறிக்கும். எப்பவும். ஸ்கூல்ல மொத மார்க்கு வாங்கிட்டு வந்தா, 'எவளப் பாத்து எழுதுனடி எரும'ன்னு கேட்டுட்டு முறிக்கும். அந்தச் சத்தம் வந்தாத்தான் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே ஒரு தடவதான் முறிக்கல. நான் ஃபேக்டரிக்குக் கெளம்புன அன்னைக்கு. 'போறவ அப்படியே போயிரு'ன்னுச்சு. வேணும்னே மெதுவா நடந்தேன், பின்னாடி கேக்குமான்னு. கேக்கல." அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது. "டேப்புல அது இருந்துச்சா? நீங்க எடுத்துட்டீங்களா?"

ஆசியா பீவியின் கை அவள் தலைமேல் நின்றது.

"இல்ல. இருந்தது இவ்வளவுதான்" என்றேன்.

"ஓ" என்றாள் குணவதி.

இரண்டாவது வாரம் அவள் பதினெட்டு மாத்திரைக்குப் போயிருந்தாள். கன்ன எலும்பு தெரிந்தது. அலை இன்னும் உயர்ந்தது. அவள் போனதும் ஆசியா பீவி கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

"சொல்லிடுங்க டாக்டர். இல்லாட்டி நான் சொல்லிடுவேன். அல்லாவுக்குப் பதில் சொல்லணும்லா."

"இன்னும் ஒரு வாரம்தான்."

"அந்த ஒரு வாரத்துல அது செத்துப்போச்சுன்னா?"

"உங்க வேலை ஒப்பந்தம் டிசம்பர்ல புதுப்பிக்கணும் ஆசியாக்கா. கையெழுத்து நான்தான் போடணும்."

அவர் சாத்திய கதவைத் திறந்துவிட்டார். கணவர் இல்லாமல் மூன்று பெண்களை வளர்ப்பவர். பிறகு போய்க் கருவிக்கு உறை போட்டார். அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டியதைத் தவிர அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை.

மூன்றாவது அமர்வில் குணவதியின் கோடு அசையவில்லை. முப்பது தடவையும், எந்த வாக்கியத்துக்கும். பேனாக்கள் எந்தத் துள்ளலும் இல்லாமல் கோடு போட்டுக்கொண்டே போயின. தொடர்ந்து கேட்டால் அடங்காத மூளையும் அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று குறித்துக்கொண்டேன். கட்டுரையின் கடைசிப் பகுதி அந்த இடத்திலேயே மனத்தில் எழுதப்பட்டுவிட்டது. அவள் எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தாலும் கோடு அப்படித்தான் இருக்கும். எனக்கு அது தெரியும். என் கோட்டை நான் பார்த்திருந்தேன்.

இப்போது சொல்லலாம். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிமேல் சுற்றிய கைகளை, இறந்துபோன அண்ணனை, பலகை அறையை, உள்தாழ்ப்பாளை. "அம்மா உன்னை வரச் சொன்னாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடியே சொன்னாங்க."

குணவதி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லவங்க டாக்டர். ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்ல. அன்னைக்கு நான் சொன்னதுதான் பொய்."

முதல் கேசட்டை வெட்டாமல் வைத்திருந்தேன். அதை எடுத்து ஓடவிட்டேன். வள்ளியம்மா ஏசினார், நெட்டி முறிந்தது. ஏசினார், முறிந்தது. நான்கு தடவையும் தெளிவாகக் கேட்டது. ஆசியா பீவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணவதி கடைசிவரை கேட்டாள். பிறகு, தொழிற்சாலையில் பழுது பார்ப்பவள் கேட்பதுபோல, "வெட்ட முடியும்னா ஒட்டவும் முடியும்தானே டாக்டர்?" என்றாள்.

ஒட்ட முடியும். எங்கள் வேலையே அதுதான்.

"வா, இப்பவே கார்ல போவோம். நேர்ல கேளு."

"உங்கள மாதிரி ஆளு வாசல்ல வந்து நின்னா எங்கம்மா எதுக்கும் ஆமான்னுதான் சொல்லும்." கொஞ்சம் யோசித்தாள். "அம்மா இங்க வரட்டும். வெள்ளிக்கிழம வரேன். மொகத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். என்னையப் பாத்ததும் மொதல்ல என்ன சொல்லுதுன்னு பாத்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் நானே போய் வள்ளியம்மாவை அழைத்து வந்தேன். மஞ்சள் சேலை கட்டியிருந்தார். மகளுக்கு மாத்திரைப் பழக்கம் இருப்பதைக் காரில் வைத்துத்தான் சொன்னேன். அழவில்லை. "எத்தன நாளு ஆவும் சரியாவ?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம் என்றேன். "சரி. வேலைக்குப் போகாம பக்கத்துலயே இருக்கேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. ஏசும் வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் அந்தப் பெண் தொண்ணூறு தடவை கேட்டிருக்கிறாள். இன்னொரு தடவை அதே வாயிலிருந்து நேரில் கேட்டால் என்ன ஆவாள்? கனிவான சொல் நோயாளியைக் காக்கும், குறை கூறும் சொல் மறுபடி தள்ளிவிடும். என் கட்டுரை அதைத்தான் சொன்னது. நான் என் கட்டுரையை நம்பினேன்.

"வள்ளியம்மா, இன்னைக்கு அவள ஏசாதீங்க. ஒரு வார்த்தகூட. நல்லதா மட்டும் சொல்லுங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நேருக்கு நேராவா?"

"ஆமா."

"ஒண்ணும் ஆயிராதே டாக்டரம்மா?"

"ஒண்ணும் ஆகாது. நல்ல வார்த்த சொல்லி யாரும் செத்ததில்ல."

"எம்புள்ள செத்தானே."

பாலத்தில் காற்று இரைந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார். "நல்லதுன்னா என்ன சொல்லணும்? எனக்குப் பழக்கமில்ல." நான் சொல்லிக் கொடுத்தேன். நீ நல்ல பிள்ளை. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீ வீட்டுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம். மெக்கலிஸ்டர் சாலை வரும்வரை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"முடிச்சதும் நெட்டி முறிக்கலாமா?" என்று படியேறும்போது கேட்டார்.

"ஏசவே இல்லையே, அது எதுக்கு?" என்றேன். அந்த விரல்களைக் கண்டால், தொண்ணூறு தடவை கேட்டதெல்லாம் மகளுக்குத் திரும்ப ஞாபகம் வரும் என்று நினைத்தேன்.

ஆசியா பீவி அன்று விடுப்பில் இருந்தார்.

குணவதி சொன்ன நேரத்துக்கு வந்தாள். கதவில் நின்று அம்மாவைப் பார்த்தாள். வள்ளியம்மாவும் பார்த்தார். துருத்திய கன்ன எலும்பு, குழிந்த கண். அவர் வாய் திறந்தது. "என்னடி..." என்று கிளம்பிவிட்டது. குணவதியின் தலை அந்தச் சொல்லை நோக்கி இலேசாகச் சாய்ந்தது. கண்ணில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. நான் அதைப் பார்த்தேன்.

வள்ளியம்மா என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன்.

"நீ நல்ல புள்ள" என்றார். "உன்னைய நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கிறது. நீ வீட்டுக்கு வந்தா எனக்குச் சந்தோஷம்." சொல்லிவிட்டுக் கைகளை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நெற்றி முழுக்க வேர்வை. மகளைக் கொன்றுவிட்டோமோ என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குணவதியின் தலை நேரானது. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அம்மாவை ஒருமையில் பேசிப் பழகிய பெண்.

"சாப்ட்டேன். நீ?"

"ஆச்சு."

மழை வருமா, பக்கத்து வீட்டு வேலு அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, கிணற்றுக்கு மோட்டார் வந்துவிட்டதா. பத்து நிமிடம் அப்படியே பேசினார்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைப்போல. பிறகு குணவதி எழுந்தாள். "சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வரேன். நீங்க போயி இருங்க."

நான் வாசல்வரை போனேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க டாக்டர். ஒரு எடத்துலகூடத் தடுக்கல."

கோபமில்லை. படியில் நிதானமாக இறங்கிப் போனாள். நான் பின்னால் ஓடிப் பிடித்திருக்கலாம். ஓடிப் போய் என்ன சொல்வது? என் வாயிலிருந்து வரும் எதுவும் இனி அவளுக்கு உண்மையாக இருக்க முடியாது. அதை நான்தான் மூன்று அமர்வுகளில் செய்து முடித்திருந்தேன். முறையாக, பதிவுகளோடு.

அவள் நிபோங் திபாலுக்குப் போகவில்லை. பாயான் லெப்பாஸ் அறைக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். எங்கே என்று கூட இருந்த பெண்களுக்குத் தெரியவில்லை. மாத்திரைப் புட்டிகளை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். நிரம்பிய புட்டிகள். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதல் நாளே அவளுக்கு விளக்கியவள் நான். மருத்துவமனைகளில் விசாரித்தேன். போலீசில் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதக் கடைசியில் கட்டுரையும் ஆய்விதழுக்குப் போயிற்று. நாற்பது பேர்.

டிசம்பரில் ஆசியா பீவியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ள வரவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் வள்ளியம்மா தனியாகப் பேருந்தில் வந்தார். அதே மஞ்சள் சேலை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னும் வரல டாக்டரம்மா. அன்னைக்கு நான் எதையும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் சொன்னீங்க."

"ஒரு வார்த்த விட்டுப்போச்சோன்னு இருக்கு. பயத்துல அவசரமாச் சொல்லிட்டேன். அதான் அவளுக்கு மனசுல ஒட்டல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதிக் குடுங்களேன். பாடம் பண்ணி வெச்சுக்கிறேன். திடீர்னு வந்து நின்னாள்னா சரியாச் சொல்லணும்ல? ரெண்டாங் கிளாசு படிச்சிருக்கேன். எழுத்துக்கூட்டுவேன்."

வேண்டாம், வந்தால் வாய்க்கு வந்தபடி ஏசுங்கள், ஏசிவிட்டு நெட்டி முறியுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஏன் அன்று வேறு மாதிரி சொன்னீர்கள் என்று கேட்பார். நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அவர் சொன்னதை நான் எப்படி வெட்டினேன், மகளுக்கு எத்தனை தடவை போட்டேன் என்பதெல்லாம்.

மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். மூன்று வாக்கியங்களையும் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சன்னல் பக்கம் போய், முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து, வாய்விட்டுக் கூட்டத் தொடங்கினார்.